ஏஐ பாடினால் அது திருப்புகழா?

வேலும் மயிலும் துணை 🙏

நம்ம புதுக்கோட்டை மாவட்டத்து விராலிமலை முருகன் மேல அருணகிரிநாதர் திருப்புகழ் பாடியிருக்கார். இன்னைக்கு ஏஐ-கிட்ட கேட்டா, அதே மாதிரி சந்தத்துல நொடியில ஒரு பாட்டு வருது. அதை அருணகிரியார் பேர்ல குரூப்ல போடலாமா?

டெக்னாலஜி பக்திக்கு எதிரி இல்லைங்க. சுவடிகளில் சிதறிக் கிடந்த திருப்புகழை வ.த.சுப்பிரமணிய பிள்ளை தேடிச் சேர்த்தார். 1894-ல் முதல் பாகம் அச்சில் வந்தது. அச்சு அன்னைக்கு நமக்குக் கிடைச்ச பெரிய வசதி. அதை வச்சு அவர் காப்பாத்தினது அருணகிரியார் வாக்கை.

ஏஐ-ல பாட்டு எழுதுறது பாவம்னு சொல்லல. ஏஐ எழுதினதுன்னு போட்டுடுங்க. பேரை மாத்தினா, நாளைக்கு நம்ம பிள்ளைங்களுக்கு எது அருணகிரியார் வாக்குன்னே தெரியாது. ஃபார்வர்டு பண்றதுக்கு முன்னாடி நல்ல பதிப்புல இருக்கான்னு பாருங்க. இதுவும் முருகனுக்குச் செய்யுற தொண்டுதான்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!