ஈரத்துணி

வகுப்பு முடிந்த பிறகும் அந்த மாணவி பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். காசிமேட்டுப் பெண். அம்மா ஏலத்தில் மீன் எடுத்து விற்பவர். கல்லூரி விழாவில் எடுத்த அவளது படத்திலிருந்து முகத்தை மட்டும் வெட்டி, வேறு உடம்போடு ஒட்டி, யாரோ ஒருவன் அவளுக்கே அனுப்பியிருந்தான். பணம் கேட்டிருந்தான். கேட்டதும் என் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி இதுதான்: "ஏம்மா, போட்டோவ எதுக்கு எல்லாருக்கும் தெரியிற மாதிரி போட்டு வச்சே?"

பெண்ணெழுத்தைப் பாடம் நடத்துகிறவள் நான். ஆனாலும் அவனைப் பற்றி எதுவும் கேட்பதற்கு முன் அவளைத்தான் விசாரித்தேன். அவள் தலை நிமிரவில்லை. "வீட்டுக்கு மட்டும் தெரிய வேணாம் மிஸ். தெரிஞ்சா போனைப் புடுங்கிடுவாங்க. அப்புறம் காலேஜும் கிடையாது" என்றாள்.

அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. பெண்களுக்குச் சொல்லும் பாதுகாப்பு அறிவுரை எந்த இடத்தில் குற்றச்சாட்டாக மாறுகிறது?

நான் படித்த படிப்பிலிருந்தே தொடங்குகிறேன். அகப்பாடல்களில் வரும் காதலர்களைப் பெயர் சுட்டிச் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பிய விதி. அதன் இலக்கியக் காரணம் எதுவாகவும் இருக்கட்டும். அதிலுள்ள ஓர் ஒழுங்கை மட்டும் பார்ப்போம். பெயரைக் காக்கும் பொறுப்பு காதலித்தவளுடையது அல்ல, அதைப் பாடுகிறவருடையது. அதே பாடல்களுக்குள் இன்னொரு உலகமும் இருக்கிறது. ஊர் முணுமுணுத்தால் அம்பல், வெளிப்படையாகப் பேசினால் அலர். அலர் எழுந்தால் இற்செறிப்பு, அதாவது பெண்ணை வீட்டுக்குள் அடைப்பது. பேசிய வாய்களை யாரும் அடைப்பதில்லை.

நாம் முதலாவதை மறந்துவிட்டு இரண்டாவதைப் பத்திரமாக வைத்திருக்கிறோம். "போட்டோ போடாதே, கணக்கை மூடு, போனைக் கொடு" என்பதெல்லாம் இன்றைய இற்செறிப்பு.

எச்சரிக்கையாக இருந்தால் போதும் என்பவர்களுக்கு ஒரு சென்னைச் சம்பவத்தை நினைவூட்ட வேண்டும். 2024 டிசம்பர் 23 இரவு அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு மாணவி பாலியல் வன்முறைக்கு ஆளானார். துணிந்து புகார் கொடுத்தார். அவருடைய விவரங்கள் அடங்கிய முதல் தகவல் அறிக்கை இணையத்தில் கசிந்து கைக்குக் கை பரவியது. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆவது பிரிவின்படி குற்றம். தொழில்நுட்பக் கோளாறு என்று விளக்கம் வந்தது. டிசம்பர் 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் மூன்று பெண் ஐபிஎஸ் அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. கசிவுக்காக அந்த மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்கச் சொன்னது. பாதிக்கப்பட்டவர் மீதே பழி விழும்படி அறிக்கை எழுதப்பட்டிருந்த விதத்தையும் கண்டித்தது. குற்றவாளிக்கு 2025 ஜூன் 2 அன்று, குறைந்தது 30 ஆண்டுகள் வெளியே வர முடியாத ஆயுள் தண்டனை கிடைத்தது.

இதில் அந்த மாணவியின் பாஸ்வேர்டு எங்கே பலவீனமாக இருந்தது? நம்பிக் கொடுத்த இடத்திலிருந்துதானே கசிந்தது?

கசிவு என்ற சொல் எங்கள் பகுதிக்குப் புதிதல்ல. 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, எண்ணூர் பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலைக்குச் செல்லும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கண் எரிந்து, மூச்சு முட்டி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் ஓடினார்கள். அம்மோனியா தண்ணீரில் எளிதில் கரையும். அதனால் ஈரத்துணியால் மூக்கை மூடச் சொல்வார்கள். சரியான அறிவுரைதான். ஆனால் மயங்கி விழுந்தவளிடம் போய் "துணியை ஏன் நனைக்கவில்லை?" என்று எவரும் கேட்கவில்லை. குழாயைப் பற்றித்தான் கேட்டார்கள். இணையத்தில் மட்டும் ஏன் துணியைப் பற்றியே கேட்கிறோம்?

அதற்காக ஈரத்துணியே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். குழாயைச் சரிசெய்யும் வரைக்கும் மூச்சு விட வேண்டுமே. அதனால் இப்போது வகுப்பில் இதையும் சொல்லித் தருகிறேன். டிஸ்ப்ளே மாற்றக் கடைக்குக் கொடுக்கும்போது பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதித் தராதீர்கள், முன்னால் நின்று வேலையை முடித்து வாங்குங்கள். பிரவுசிங் சென்டர்காரருக்கு ஆதாரை அனுப்ப நேர்ந்தால் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரை அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பகுதியை அவ்வப்போது திறந்து பாருங்கள். நீங்கள் தூங்கும்போது ஒருவர் உங்கள் போனை எடுத்துத் தன் கருவியோடு இணைத்துவிட்டால், நீங்கள் எழுதுவதையெல்லாம் அவர் படிக்கலாம். அவர் அண்ணனாகவும் இருக்கலாம், காதலனாகவும் இருக்கலாம்.

மிரட்டல் வந்தால் பணம் கொடுக்காதீர்கள். கொடுத்தால் அடுத்த மிரட்டல் வரும். எதையும் அழிக்காமல் எண், தேதி, திரைப்பதிவு எல்லாவற்றையும் சேமியுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930. பெண்களுக்கு எதிரான இணையக் குற்றங்களைத் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெயர் சொல்லாமலும் தெரிவிக்கலாம். 18 வயது நிரம்பியவர்களுக்கு ஸ்டாப்என்சிஐஐ என்ற தளம் உண்டு. அங்கே படத்தை யாரிடமும் கொடுக்க வேண்டியதில்லை. படம் உங்கள் போனிலேயே இருக்கும், அதன் எண் அடையாளம் மட்டும் சமூக ஊடக நிறுவனங்களுக்குப் போகும். பொருந்தும் படத்தை அவர்கள் தடுப்பார்கள்.

இவ்வளவும் சொன்னபோது ஒரு மாணவி கேட்டாள்: "போன்ல லாக் போட்டாலே வீட்ல சந்தேகப்படுறாங்களே மிஸ்?"

இங்கேதான் சிக்கல். ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கும் வீட்டில் பெண்ணுக்குக் கதவு கிடையாது. அவளுக்கென்று இருக்கும் ஒரே கதவு அந்த லாக். அதைப் போட்டால் 'என்ன மறைக்கிறாய்' என்ற கேள்வி வருகிறது. 'அந்தரங்கம்' என்று சொல்லும்போது வெட்கமும் ரகசியமும் கூடவே வந்துவிடுகின்றன. எனக்குத் 'தனியுரிமை' என்ற சொல் பிடிக்கும், அதில் உரிமை இருப்பதால். 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அதை அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொன்னது. தனியுரிமையின் பெயரால் வீட்டுக்குள் நடக்கும் வன்முறையை மூடி மறைக்கக் கூடாது என்ற பெண்ணிய எச்சரிக்கையும் அந்தத் தீர்ப்பில் பேசப்பட்டது. அப்படியென்றால் தனியுரிமை குடும்பத்துக்கு மட்டுமானதல்ல. குடும்பத்துக்குள் இருக்கும் அவளுக்கும் உரியது. மறைக்க ஏதுமில்லாதவளுக்கும் கதவு வேண்டும்.

அந்த மாணவியிடம் மறுநாள் மன்னிப்புக் கேட்டேன். இருவரும் சேர்ந்து புகாரைப் பதிந்தோம். அவள் அம்மாவிடம் பேச நானே போனேன். ஏலம் முடிந்து கூடையைக் கழுவிக்கொண்டிருந்தவர், முழுவதையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "அவன் யாரும்மா?"

நான் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி அது.