தாழ்ந்த குரல்

தரங்கம்பாடியில், புதிய எருசலேம் ஆலயத்துக்குள் ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்குவின் கல்லறை முன் நின்றிருந்தோம். கூட வந்த தோழி ஜெர்மன் படித்தவர். அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, “ஆட்டுத்தோல்” என்றார்.

அர்த்தத்தைவிட அந்தத் தாழ்ந்த குரல்தான் என்னை விடாமல் துரத்துகிறது. இறந்து 300 ஆண்டுகள் தாண்டிய மனிதரின் பெயரைச் சொல்ல ஏன் அத்தனை கூச்சம்?

சீகெ என்றால் ஆடு. பால்க் என்றால் உரித்தெடுத்த விலங்கின் தோல். ஊதிப் பெருப்பதைக் குறிக்கும் பழைய வேரிலிருந்து பிறந்த சொல். கொல்லனின் துருத்திக்கும் ஜெர்மானியர் இதைத்தான் வைத்திருக்கிறார்கள். அடங்காத பிள்ளையைத் திட்டுவதற்கும் இதே சொல்தான்.

துருத்தி என்றதும் எங்கள் ஊர் உலைக்களம் வந்துவிடுகிறது. ஆட்டுத்தோல் துருத்தி அமுங்கி எழும். கரி சாம்பல் உதறிச் சிவக்கும். பிள்ளைகளையும் அமுக்க விடுவார் ஆசாரி. பல இடங்களில் ஒட்டுப்போட்ட தோல், உள்ளே உயிர் இருப்பதுபோல் கையைத் தள்ளும். உடம்பையே தோல்பை என்று சித்தர்கள் பாடியதைப் பின்னாளில் படித்தபோதும் அந்தத் துருத்திதான் கண்முன் நின்றது. கொழு காய்ச்ச வந்தவர்கள் அங்கே உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். அந்தத் தோலைப் பதப்படுத்திக் கொடுத்தவர் மட்டும் தள்ளித்தான் நிற்பார். தோழியின் குரல் அங்கிருந்துதான் தாழ்ந்து வருகிறது என்று நினைக்கிறேன்.

ஜெர்மனியில் தோல் பதனிடுபவரைக் குறிக்கும் கெர்பர் சர்வசாதாரணமான குடும்பப்பெயர். அங்கும் பட்டறைகளின் நாற்றம் தாளாமல் அவற்றை ஆற்றோரத்துக்குத் தள்ளியதுண்டு. ஆனால் பெயர் ஒட்டிய அளவுக்குத் தொழில் ஒட்டவில்லை. 1682-ல் சாக்சனியின் புல்ஸ்னிட்ஸில் பிறந்த சீகன்பால்குவின் அப்பா தானிய வியாபாரி.

1706-ல் இங்கே வந்த மகன், மணலில் எழுதிப் பழகும் சிறுவர்களோடு உட்கார்ந்து தமிழ் படித்தார். 1715-ல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். 36 வயதில் இறந்தும் போனார். அவர் பெயரை நம் வாய்க்கு வாகாக வளைத்துக்கொண்டோம். வளைத்ததில் ஆடும் தோலும் உதிர்ந்து ஓசை மட்டும் மிஞ்சியது. இங்கே சாதிப் பெயரை உதறியவர்களை நினைத்தால், அர்த்தம் உதிர்வது பெரிய விடுதலை என்றே தோன்றுகிறது. அர்த்தம் தெரிந்தும் கூசாமல் வாழ முடிவதுதான் அதைவிடப் பெரிதோ? அதையும் மறுக்க முடியவில்லை. எந்தப் பக்கம் சாய்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை.