சாக்கியர் எறிந்த கல்

காஞ்சிபுரத்தில் சிவலிங்கத்தின்மேல் நாள்தோறும் கல் எறிந்த சாக்கிய நாயனாரைச் சேக்கிழார் அடியார் வரிசையில் வைத்துப் பாடினார். உடை பௌத்தத் துறவியுடையது. கையில் இருந்ததோ கல். கண்ணில் பட்டதை மட்டும் சாட்சியாக எடுத்தால் அவர் குற்றவாளி. ஒருநாள் எறிய மறந்து உண்ணப்போனவர், நினைவு வந்ததும் சோற்றை விட்டு எழுந்து ஓடினார். அன்பு தெரிந்த இடம் அந்த ஓட்டம். குழந்தைப் பாதுகாப்புப் பணியாளரும் கண்ணில் படும் குற்றத்தைத் தாண்டி ஒரு வீட்டுக்குள் எதைப் பார்க்க வேண்டும் என்ற கேள்விக்கு இந்த ஊர்த் தறிகளை வைத்தே விடை தேடலாம்.

கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். மூன்று நாடா ஓடும். ஒரு பக்கத்துக் கரை நாடாவைத் தள்ளித்தர இன்னொரு கை வேண்டும். பல வீடுகளில் அது பிள்ளையின் கையாக இருந்தது. முதலாளியிடம் தகப்பன் வாங்கிய முன்பணம் பிள்ளையைத் தறியடியில் உட்கார வைத்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. ஆனாலும் 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பின் அறிக்கை இந்த ஊர்த் தறிகளில் முன்பணத்துக்கு ஈடாகப் பிள்ளைகள் வேலை செய்ததைப் பதிவு செய்தது. பிள்ளையை மீட்டுக் குழந்தைகள் இல்லத்தில் சேர்த்தால் கடன் அப்படியே நிற்கும். காலியான இடத்தில் தங்கை உட்காருவாள். தகப்பனைக் கடன்காரன் என்று மட்டும் எழுதிக்கொண்டு திரும்புகிறவருக்கு, அறுந்த இழைகளை நாள்முழுக்க முகம் சுளிக்காமல் முடிச்சிடும் அவன் பொறுமையோ, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள முன்வரும் பக்கத்துத் தெருப் பெரியம்மாவோ தெரிவதில்லை. செம்போடு களிம்பு கூடவே இருக்கிறது என்பதற்காகக் களிம்புதான் செம்பு என்று, உயிரையும் அதைப் பற்றிய மலத்தையும் பற்றிப் பேசும் சைவ சித்தாந்தம் சொல்லவில்லை. 1990களில் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டர்னலும் ஸ்டீவ் எட்வர்ட்ஸும் உருவாக்கிய குழந்தைப் பாதுகாப்பு முறையும், கவலை தருவது எது என்பதோடு ஒழுங்காக நடப்பது எது என்றும் கேட்கச் சொல்கிறது. நம் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்துக்கும் இல்லம் என்பது கடைசி வழிதான்.

கல்லடி பட்டவர் கடவுள், தாங்கினார்; பிள்ளை தாங்குமா? இந்த மறுப்பை என்னால் எளிதாகத் தள்ள முடியவில்லை. பெற்றோரைப் பற்றி முடிந்தவரை நல்லதாகவே நினைக்கும் போக்கு பணியாளர்களிடம் ஊறியிருப்பதை 1983இலேயே டிங்வால், ஈக்லார், மரே என்ற ஆய்வாளர்கள் மூவரும் இங்கிலாந்தில் கண்டு எழுதினார்கள். அடியும் பாலியல் கொடுமையும் உள்ள வீட்டிலிருந்து பிள்ளையை முதலில் வெளியே கொண்டுவர வேண்டும், பேச்செல்லாம் பிறகு. மற்ற வீடுகளிலும் குடும்பத்தின் பலம் என்பது வாய்ச்சொல்லாக இருந்தால் போதாது. பள்ளி வருகைப் பதிவேட்டில் பெயர் நாள்தோறும் இருக்கிறதா, முன்பணம் குறைகிறதா, தனியாகக் கேட்டால் பிள்ளை என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். சோற்றை விட்டு எழுந்ததற்கு நிகரான சாட்சி இவைதான். தறியில் பெரியவர்கள் இருவர் உட்கார்ந்தாலும் கோர்வை விழும். அந்த இரண்டாவது ஆளின் கூலியைத் தகப்பன் தலையில் கட்டாமல் சேலையின் விலையில் சேர்க்க வேண்டும்.