யார் தலையில் விடியும்?

அமெரிக்காவில் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு ஒரு நாள் வரும். இத்தனை நாளும் பக்கத்து சீட்டில் இருந்த வாத்தியார் திடீரென்று கதவைத் திறந்து இறங்கிக்கொண்டு, 'தனியா ஒரு ரவுண்டு போயிட்டு வா' என்பார். பையனுக்குப் பதினாறு வயது ஆகியிருந்தால் போதும், சட்டம் அனுமதிக்கிறது. பத்திரமாக இறங்கி வந்தால், அவன் சட்டையின் பின்பக்கத்தைக் கத்தரித்து, தேதி எழுதிச் சுவரில் மாட்டுவது அங்கே பழைய வழக்கம்.

பத்திரமாக இறங்கவில்லை என்றால்?

உயிர் போகிற விபத்தைச் சொல்லவில்லை. மூக்குச் சக்கரம் முதலில் தரையில் மோதி, விமானம் தவளை மாதிரி எம்பி, புரொப்பெல்லர் ஓடுதளத்தில் உரசுகிறது. பையனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. பார்த்தால் பிளேடு நுனி கொஞ்சம் வளைந்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் ஓடுகிற என்ஜின் அப்படி அடிவாங்கினால் உள்ளே விரிசல் விட்டிருக்கலாம். பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும். பில் ஆயிரக்கணக்கான டாலர்.

'அதான் இன்ஷூரன்ஸ் இருக்குமே சார்!' இருக்கிறது. யாருக்கு என்பதுதான் கேள்வி. விமானம் பள்ளிக்கூடத்துடையது. கம்பெனி பள்ளிக்கூடத்துக்குப் பணம் கொடுத்துவிடும். கொடுத்த கையோடு, பள்ளிக்கூடத்தின் இடத்தில் தான் நின்றுகொண்டு, 'உடைச்சது நீதானே, எடு பணத்தை' என்று மாணவனிடம் வரலாம். இதற்கு சப்ரோகேஷன் என்று பெயர். சில பள்ளிகள் மாணவனையும் தங்கள் பாலிசிக்குள் சேர்த்துவிடுகின்றன. எல்லாப் பள்ளியும் அப்படியில்லை. தனக்கென்று தனி பாலிசி எடுக்காத மாணவன், மணிக்கு இவ்வளவு என்று கட்டிய வாடகையில் எல்லாம் அடக்கம் என்று நம்பிக்கொண்டிருப்பான்.

கற்றுக்கொள்ள வந்தவன் தப்பு செய்வது குற்றமா? இங்கிலாந்தில் இதைக் கோர்ட்டிலேயே கேட்டார்கள். வெஸ்டன் என்ற பெண்மணிக்கு நெட்டில்ஷிப் என்ற நண்பர் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். மனுஷர் விவரமானவர். இன்ஷூரன்ஸ் தன்னையும் காப்பாற்றுமா என்று விசாரித்துவிட்டுத்தான் ஏறி உட்கார்ந்தார். மூன்றாவது பாடத்தில் கார் விளக்குக் கம்பத்தில் மோதியது, அவர் முழங்கால் சில்லு உடைந்தது. 1971-ல் தீர்ப்பு வந்தது: கற்றுக்குட்டியானாலும் தேர்ந்த டிரைவர் அளவுக்கு ஓட்டியாக வேண்டும். கூடவே ஓட்டத்தைக் கவனித்துக்கொண்டிருந்த நெட்டில்ஷிப்புக்கும் பாதிப் பொறுப்பு.

நீதிபதி டென்னிங் ஒன்றை மறைக்காமல் சொன்னார். தர்மப்படி அந்த அம்மாள் மேல் தப்பில்லை. ஆனாலும் சட்டப்படி பொறுப்பு அவருடையது, ஏனென்றால் அவருக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது. கவனியுங்கள், அந்தக் கடுமையே அடியில் ஒரு மெத்தை விரித்திருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் நிற்கிறது. மெத்தையை உருவிவிட்டு கடுமையை மட்டும் வைத்துக்கொண்டால் அது நியாயமே இல்லை.

'முழுசா காப்பாத்தினா பசங்களுக்கு அலட்சியம் வந்துடும்' என்பார்கள் இன்ஷூரன்ஸ்காரர்கள். வாடகை சைக்கிளுக்கு இது பொருந்தலாம். ஆயிரம் அடி உயரத்தில் தனியாக உட்கார்ந்திருப்பவனுக்கா? அவன் உடம்பே அங்கே ஈடாக இருக்கிறது. அதற்கு மேல் கடன் பயம் அவனை ஜாக்கிரதையாக்கப் போவதில்லை. வேறொன்று பண்ணும். அவன் வாயை மூட வைக்கும்.

எனக்குக் கவலையான இடம் இதுதான். புரொப்பெல்லர் வளைந்தால் ஊருக்கே தெரியும். ஆனால் செஸ்னா 172-ல் மூக்குச் சக்கரம் பலமாக இடித்தால், என்ஜினுக்குப் பின்னால் இருக்கும் தகட்டுச் சுவர் கசங்கிவிடும். ஃபயர்வால் என்பார்கள். எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்தவர் கண்ணுக்குத்தான் அது படும். தனியாகப் போனவன் தானாகச் சொன்னால் உண்டு. சொன்னால் எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்று தெரியாத பதினாறு வயசுப் பையன் என்ன செய்வான்? வாடகைக்குக் கையெழுத்துப் போட்டு, சாவியை ஆணியில் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போவான்.

நாலு மணிக்கு அதே விமானத்துக்கு இன்னொருத்தன் பெயர் எழுதி வைத்திருப்பான்.