உடல் தேறும் காலமும் சாதனையே

1884-ஆம் ஆண்டின் தொடக்கம். தட்சிணேசுவரத்தில் தமது அறையிலிருந்து சவுக்குத் தோப்பை நோக்கிப் பரவச நிலையில் நடந்து சென்ற பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் வேலியருகே கீழே விழுந்தார். இடது கையின் எலும்பு பிசகிவிட்டது. பிப்ரவரி 2-ஆம் நாள், அவரது அருள்மொழிகளைக் குறித்து வைத்த மகேந்திரநாத குப்தர், கையை வைத்துக் கட்டுவதற்கான சிம்பு முதலியவற்றைக் கல்கத்தாவிலிருந்து வாங்கி வந்தார்.

குருதேவர் வலியை மறைக்கவில்லை. குழந்தையைப்போல் அன்னை காளியிடம் முறையிட்டார். அதே வேளையில், கட்டுப்போட்ட கையுடனேயே பக்தர்களிடம் இறைவனைப் பற்றிப் பேசிக்கொண்டும் இருந்தார். சமாதியில் உடலை முற்றிலும் மறந்துவிடும் அந்த மகான், புறவுணர்வு திரும்பியதும் சிகிச்சைக்குக் கையை நீட்டினார். அடிபட்டுப் படுத்திருக்கும் ஒவ்வொரு பக்தரும் சிந்திக்க வேண்டிய காட்சி இது.

தமிழில் 'காயம்' என்ற சொல்லுக்குப் புண் என்றும் பொருள் உண்டு, உடல் என்றும் பொருள் உண்டு. உடலுக்குக் காயம் நேரும்போதுதான், அந்த உடலோடு நமக்குள்ள உறவு எத்தகையது என்பது வெளிப்படுகிறது. சிலர் தங்கள் வலியைத் தவிர வேறு எதையும் நினைக்க இயலாதவர்களாகிவிடுகிறார்கள். வேறு சிலரோ, "நான் உடல் அல்லவே, ஆன்மா அல்லவா!" என்று கூறி உடலைப் புறக்கணிக்கிறார்கள். முன்னது பலவீனம் என்று எளிதில் தெரிந்துவிடுகிறது. பின்னது வேதாந்த வேடத்தில் வருவதால் எளிதில் அடையாளம் தெரிவதில்லை.

விரதமும் உணவும்

இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய ஒரு முதிய பக்தையை எண்ணிப் பார்ப்போம். நாற்பது ஆண்டுகளாக ஏகாதசி உபவாசம் தவறாதவர். "இப்போது விட்டால் பகவான் என்ன நினைப்பார்?" என்று கஞ்சியைக்கூடத் தள்ளிவிடுகிறார். மகள் கண்ணீருடன் கெஞ்சுகிறாள். அவரது பக்தியில் குறையில்லை. ஆயினும் அவரது உடலுக்குள் முறிந்த எலும்பு கூடுவதற்கான பெரும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. முதலில் முறிவைச் சுற்றி மென்மையான இணைப்புத் திசு உருவாகிறது; பின்னர் அது கெட்டிப்பட்டு எலும்பாகிறது; அதன்பிறகும் பல மாதங்கள் அது தன்னைச் சீரமைத்துக்கொள்கிறது. இந்த வேலைக்கு வேண்டிய பொருள்கள் அனைத்தும் உணவிலிருந்தே வர வேண்டும்.

சாந்தோக்ய உபநிஷதம் இதனை ஒரு சோதனையின் மூலம் உணர்த்துகிறது. உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவைப் பதினைந்து நாட்கள் உண்ணாமல் நீர் மட்டும் பருகச் சொல்கிறார். பிறகு வேதத்தை ஓதச் சொன்னபோது மகனுக்கு ஒன்றுமே நினைவுக்கு வரவில்லை. உணவு உண்டபின் அனைத்தும் திரும்பி வந்தன. மனமே அன்னத்தால் ஆனது என்பதை மகன் அனுபவத்தில் கண்டுகொண்டான். வேதத்தை நினைவில் வைத்திருக்கவே உணவு வேண்டுமெனில், எலும்பு கூடுவதற்கு வேண்டாமா?

மருந்தும் குருவின் வாக்கும் விரதத்தைக் கெடுப்பதில்லை என்று தர்மசாஸ்திரங்கள் முன்பே விலக்கு அளித்துள்ளன. உடல் தேறும் காலத்தில் உணவே மருந்து என்பதை அந்தப் பக்தை உணர்ந்துவிட்டால், இறைவனுக்கு நிவேதித்த கஞ்சியைக் குற்றவுணர்வின்றி ஏற்றுக்கொள்வார்.

அந்த மருந்து நம் அடுக்களையிலேயே இருக்கிறது. பருப்பு, பயறு, தயிர், பால் ஆகியவற்றில் தசைக்கும் எலும்புக்கும் வேண்டிய புரதம் உள்ளது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கும் அதிகமான சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. நெல்லிக்கனியிலும் கொய்யாவிலும் உள்ள 'சி' வைட்டமின், இணைப்புத் திசு உருவாகத் துணை செய்கிறது. சுண்ணாம்புச் சத்தை உடல் ஏற்பதற்கு 'டி' வைட்டமின் வேண்டும். அதனைத் தோலில் உருவாக்குவது சூரிய ஒளி. புகையிலை எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்துகிறது. நீரிழிவோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே உணவின் அளவை முடிவு செய்ய வேண்டும்.

படுத்திருக்கும்போது பசி குறைவது இயல்பு. அப்போது ஒரே வேளையில் நிறைய உண்பதைவிடச் சிறிது சிறிதாகப் பலமுறை உண்பது நல்லது. வேலையில்லாத சலிப்பில் நாவின் போக்கில் தின்பதும் தவறே. மிகுதியாக உண்பவனுக்கும் அறவே உண்ணாதவனுக்கும் யோகம் கைகூடாது என்று கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் பகவான் கூறுவது நோயாளியின் படுக்கைக்கும் பொருந்தும்.

அசைவும் அமைதியும்

உணவைப் போலவே அசைவிலும் அளவு தேவை. பயன்படுத்தாத தசை, சில நாட்களிலேயே மெலியத் தொடங்குகிறது. ஆகவே கட்டுப்போட்ட கை ஓய்வில் இருந்தாலும், மருத்துவர் அனுமதித்தால் அதன் விரல்களை அசைக்கலாம். காயம்படாத மற்ற உறுப்புகளுக்குப் பயிற்சி தரலாம். படுத்த நிலையில் கணுக்கால்களை மேலும் கீழும் அசைப்பது கால்களில் இரத்தம் தேங்காமல் காக்கும். ஆழ்ந்து மூச்சுவிடுவது நுரையீரலைக் காக்கும். அந்த மூச்சோடு இறைநாமத்தையும் இணைத்துக்கொண்டால் பயிற்சியே ஜபமாகிவிடும்.

இயன்மருத்துவர் பத்து முறை செய்யச் சொன்னால் பத்து முறைதான் செய்ய வேண்டும். வலிக்கு அஞ்சி மூன்றோடு நிறுத்துவது தமஸ். விரைவில் எழுந்துவிட வேண்டும் என்று முப்பது முறை செய்து மீண்டும் வீக்கத்தை வரவழைத்துக்கொள்வது ரஜஸ். சொன்னதைச் சொன்னபடி, பலனுக்குப் பதறாமல் நாள்தோறும் செய்வதே சத்துவம். கர்மயோகத்தைப் பயில இதைவிடச் சிறந்த களம் எளிதில் கிடைக்காது.

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம், மருத்துவத்தின் நான்கு கூறுகளில் நோயாளியையே முதலில் வைக்கிறது; மருத்துவரும் மருந்தும் பணிவிடை செய்பவரும் பிறகே வருகிறார்கள். பணிவிடை செய்பவரும் ஒரு கூறு என்பதை நோயாளி மறக்கலாகாது. இதுவரை பிறருக்குச் சேவை செய்தவர், இப்போது பிறரது சேவையை ஏற்க வேண்டியிருக்கிறது. எழுந்து உட்காரவும் ஒரு கை தாங்க வேண்டும் என்ற நிலையில், கொடுப்பவர் என்ற அகங்காரம் மெல்லக் கரைகிறது. தாங்கும் அந்தக் கையில் இறைவனைக் காண்பவருக்குப் படுக்கையும் ஆலயமாகிறது.

அந்த முதிய பக்தையும் ஒருநாள் ஊன்றுகோலின் துணையுடன் பூஜையறை வாசல்வரை நடப்பார். இறைவனது கருணையோடு, மகள் ஊட்டிய கஞ்சியும் அவர் சலிக்காமல் செய்த பத்துமுறைப் பயிற்சியும் அவரை அங்கே கொண்டு சேர்த்திருக்கும். அந்தக் கஞ்சியும் பயிற்சியும் அக்கருணை வந்த வழிகளே அல்லவா?