வெள்ளை வளையம் உன் கையில் உருளட்டும்

வெம்பக்கோட்டைத் தம்பிகளே, தங்கைகளே! "நம்ம ஊர்ல இதெல்லாம் நடக்குமா?" என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. உங்கள் மண் சொல்லும். 2022 மார்ச்சில் வைப்பாற்றங்கரையில், விஜயகரிசல்குளம் மேட்டில், தமிழ்நாடு தொல்லியல் துறை குழி வெட்டத் தொடங்கியது. நுண்கற்கருவிகளும் கண்ணாடி மணிகளும் சுடுமண் பொருட்களும் வந்தன. கூடவே சங்கு வளையல்கள் வந்தன, அறுபட்ட சங்குகள் வந்தன. இங்கே சங்கறுத்து வளையல் செய்யும் தொழிற்கூடம் இருந்திருக்கிறது என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள். யோசித்துப் பார். வெம்பக்கோட்டையில் கடல் இல்லை. சங்கு கிடக்கும் மன்னார் வளைகுடா, இந்த வைப்பாறு ஓடி ஓடிப் போய்ச் சேரும் இடம். அங்கிருந்து சங்கைக் கொண்டுவந்து, இந்தக் கரிசல் மேட்டில் உட்கார்ந்து, வாள் வைத்து அறுத்து, பிசிறு தேய்த்து, பெண்கள் கையில் ஏறும் வெள்ளை வளையமாக மாற்றினான் ஒருவன். சரக்கு வெளியூர். கை இந்த ஊர்க் கை.

இன்னொரு வெள்ளை வளையத்தைப் பற்றித்தான் இன்று உன்னிடம் பேச வந்திருக்கிறேன். பழைய பிளைமவுத், பியூக், செவர்லே கார்களின் சக்கரத்தில் கறுப்பு ரப்பருக்கு நடுவே பளீரென்று நிற்குமே, அந்த வளையம். ஒயிட்வால் டயர். அந்தக் காலத்து ஜானவாசத்தில் மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்த திறந்த காரை உன் தாத்தாவிடம் கேட்டுப் பார். முகப்பு விளக்கை மறந்திருப்பார், நிறத்தை மறந்திருப்பார், வெள்ளைச் சக்கரத்தை மறந்திருக்க மாட்டார்.

அந்த டயரைத் தேடிப் பிடித்து, ஒரு கீறல் விழாமல் ஒரு பழைய சொகுசுக் காரில் மாட்ட உன்னால் முடியுமா? முடியும் என்று நான் அடித்துச் சொல்கிறேன். இந்த வேலைக்கு வேண்டிய முதல் தகுதி ஏற்கெனவே உன் விரலில் இருக்கிறது. பட்டாசுச் சரம் பின்னுகிற கை உன்னுடையது. குழாய் சுருட்டி, திரி வெட்டி, மருந்து செலுத்துகிற வீட்டில் வளர்ந்தவன் நீ. மருந்து அறைக்குள் இரும்புக் கருவி கொண்டுபோகக் கூடாது, ஒரு அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்ற விதிகளின் அருமை உனக்கு நன்றாகத் தெரியும். அவசரப்பட்டவன் என்ன ஆவான் என்பதை வெம்பக்கோட்டை வட்டத்தில் யாரும் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பெருநகரத்துப் பட்டறைகளில் வருஷக்கணக்கில் சொல்லிக் கொடுத்தாலும் எளிதில் ஏறாத அந்த நிதானம் உனக்குப் பிறப்பிலேயே வாய்த்திருக்கிறது. அதை எண்ணிக்கைக் கூலிக்கு மட்டும் விற்றுக்கொண்டிருக்கிறாய். எனக்கு ஆத்திரம் அதில்தான்.

2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு சரவெடிக்கும் பேரியத்துக்கும் தடை போட்டது. அதன்பின் எத்தனை குடும்பங்கள் வேலை நாட்களை விரல்விட்டு எண்ணின என்று உனக்கே தெரியும். பட்டாசை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. உன் கைக்கு இரண்டாவது தொழில் ஒன்றைக் கற்றுக் கொடு என்கிறேன்.

முதலில் அந்த வெள்ளை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள். கார்கள் பிறந்த புதிதில் டயர்கள் முழுக்கவே வெளிர் நிறம். ரப்பர் பாலின் நிறமே வெளிர்தான்; அதோடு துத்தநாக ஆக்சைடு சேர்த்ததால் இன்னும் வெளுத்தது. 1910களில் கரிப்பொடியைக் கலந்தால் ரப்பர் பல மடங்கு உழைக்கிறது என்று கண்டுகொண்டார்கள். தரையில் தேயும் பாகம் கறுத்தது, பக்கவாட்டு மட்டும் வெள்ளையாக மிஞ்சியது. பிறகு டயர் முழுவதும் கறுப்பானபோது, வெள்ளை வைத்திருப்பதே வசதியின் அடையாளம் ஆயிற்று. 1934இல் ஃபோர்டு நிறுவனம் பதினொன்றே கால் டாலர் கூடுதலாக வாங்கிக்கொண்டு ஒயிட்வால் மாட்டிக் கொடுத்தது. ஐம்பதுகளில் இரண்டரை, மூன்று அங்குல அகலத்துக்கு வெள்ளை படர்ந்து நின்றது. 1962 வாக்கில் அது ஓர் அங்குலத்துக்கும் கீழே சுருங்கிவிட்டது. ஆகவே காரின் வருஷத்தைக் கேட்காமல் டயர் தேடப் புறப்படாதே. 1954 காருக்கு மெல்லிய வெள்ளைக் கோடு போட்ட டயரை மாட்டினால், விவரம் தெரிந்தவர் பத்தடி தூரத்திலேயே முகம் சுளிப்பார்.

அடுத்து அளவு. பழைய டயரின் பக்கவாட்டில் 5.90-15 என்றோ 6.70-15 என்றோ பொறித்திருக்கும். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது எண் ரிம்மின் விட்டம், இரண்டும் அங்குலத்தில். நம் அம்பாசடர் ஓடியது 5.90-15இல்தான். இன்றைய ரேடியல் டயரில் 205/75 ஆர்15 என்று எழுதியிருந்தால் 205 மில்லிமீட்டர் அகலம், அதில் 75 சதவீதம் உயரம். கணக்குப் போட்டால் மொத்த விட்டம் 27 அங்குலம் சொச்சம் வரும். இந்தக் கணக்கு எட்டாம் வகுப்புக் கணக்கு. இதைப் போடத் தெரிந்தவன் கடைக்காரர் எடுத்து நீட்டுவதை வாங்க மாட்டான், தனக்கு வேண்டியதைக் கேட்பான்.

தேடல் கடினமானது. உண்மையை மறைத்து உன்னை உற்சாகப்படுத்த எனக்கு விருப்பமில்லை. இந்த ரக டயர்களை இன்று பழைய அச்சுக்கு ஏற்ப வார்க்கிறவர்கள் வெளிநாட்டில் ஒரு சிலரே. அமெரிக்காவின் சட்டனூகா நகரத்துக் கோக்கர் நிறுவனம் 1958 முதல் தொழிலில் இருக்கிறது. அங்கிருந்து வரவழைப்பதும் எளிதில்லை. 2020 ஜூனில் மத்திய அரசு புது டயர் இறக்குமதியைக் கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலுக்கு மாற்றியது. கார் டயருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயம். இந்த விதிகளைப் படி. அரசாணையைப் படிக்கத் தெரிந்த மெக்கானிக்கைக் கார்க்காரர்கள் தேடி வருவார்கள். சென்னையிலும் கோவையிலும் பழைய கார் வைத்திருப்பவர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். ஒருவர் வரவழைக்கும்போது இன்னொருவர் சேர்ந்துகொள்வார். அந்தச் சங்கிலியில் நீயும் ஒரு கண்ணியாகு.

யாரோ கிட்டங்கியில் இருபது வருஷமாகத் துணி போட்டு மூடிவைத்த புத்தம்புது டயர் என்று காட்டினால் மயங்காதே. பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருஷம். 1203 என்றால் 2003ஆம் ஆண்டின் பன்னிரண்டாவது வாரம். பூ தேயாமல் இருக்கலாம், உள்ளே ரப்பர் இறுகிப் போயிருக்கும். அந்த நாலு எண்ணே இல்லாத டயர் என்றால் இன்னும் பழசு. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் மாட்டாதே. உள்ளே உட்காரப் போவது மனிதர்கள்.

குறுக்கு வழிகளும் இருக்கின்றன. ரிம்முக்கும் டயருக்கும் நடுவே செருகும் வெள்ளை ரப்பர் வளையம் கடைகளில் கிடைக்கும். நைலான் டயர் போட்டு, ஊருக்குள் மெதுவாக ஓடும் காருக்கு அது பரவாயில்லை. ரேடியல் டயரின் பக்கவாட்டு ஓடும்போது பிதுங்கிப் பிதுங்கி அசையும்; அந்த வளையம் உரசி உரசி டயரையே அறுத்துவிடும். வெள்ளைப் பெயின்ட் அடிப்பவர்களும் உண்டு. அதை நான் எதிர்க்கிறேன். டயரில் வெடிப்பு விழாமல் இருக்கக் கறுப்பு ரப்பரில் சேர்க்கும் ரசாயனங்கள் மெல்ல மேலே கசிந்து வந்து, அந்தப் பூச்சைப் பழுப்பாக்கிவிடும். அசல் ஒயிட்வாலில் வெள்ளை ரப்பர் டயரின் உடம்போடு சேர்த்தே வார்க்கப்படுகிறது. அந்தக் கறையைத் தடுக்க நடுவில் தனி அடுக்கு. மேலே மெல்லிய கறுப்புத் தோல். தொழிற்சாலையில் அந்தத் தோலைச் சாணை பிடித்துத் தேய்த்து எடுக்கும்போது உள்ளே ஏற்கெனவே இருந்த வெள்ளை வெளிப்படுகிறது. உன் தன்னம்பிக்கையும் அப்படித்தான் வெளியே வர வேண்டும் தம்பி. யாரோ மேடையில் நின்று உன்மேல் பூசிவிட்டுப் போகிற உற்சாகம் அடுத்த வாரமே பழுப்பாகும். உழைப்பால் தேய்த்துத் தேய்த்து நீயே வெளிக்கொண்டு வருவது நிற்கும்.

இனி மாட்டும் வேலை. புது ஒயிட்வாலின் வெள்ளையில் நீலப் பூச்சு ஒன்று இருக்கும். அது பாதுகாப்புக்குப் போட்டது. மாட்டி முடிக்கும்வரை அதைத் தொடாதே. ரிம்மை முதலில் பார். விளிம்பில் துரு இருந்தால் கம்பித் தூரிகை போட்டு வழித்து, பெயின்ட் அடித்து, நன்றாகக் காயவிடு. கம்பிச் சக்கரம் என்றால் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி முனைகளை அரம் போட்டு மழுக்கி, பட்டை சுற்று. இல்லாவிட்டால் டியூப் கிழியும். டயரின் உள்விளிம்பில் சோப்பு நுரை தடவு, எண்ணெய் தடவாதே. லிவரை வெள்ளைப் பக்கம் ஊன்றாதே. ஊன்றியே ஆகவேண்டும் என்றால் துணி சுற்று. இயந்திரத்தில் மாட்டினாலும், டயரை அழுத்துகிற அலகு வெள்ளையில் பட்டுவிடாமல் பக்கத்தைத் திருப்பிப் போடு. டியூப்புக்குப் பவுடர் பூசி உள்ளே விடு. காற்று ஏற்று, முழுவதும் இறக்கு, மறுபடி ஏற்று. டியூப்பின் மடிப்பு அப்போதுதான் நீங்கும். விளிம்பு ரிம்மில் உட்காரவில்லையே என்று எரிச்சலில் 40 பி.எஸ்.ஐ.யைத் தாண்டி ஏற்றாதே. இறக்கிவிட்டு, மறுபடி நுரை தடவி, மறுபடி முயற்சி செய். அடைபட்ட அழுத்தம் வெடித்தால் என்ன செய்யும் என்பது இந்தியாவில் வேறெந்த ஊரையும்விட உன் ஊருக்குத் தெரியும்.

பாலன்ஸ் ஈயத்தை ரிம்மின் உட்புறம் ஒட்டு. ஒரே அச்சில் ஒரு பக்கம் ரேடியல், மறுபக்கம் நைலான் என்று ஒருபோதும் கலக்காதே, வளைவில் கார் இழுத்துக்கொண்டு போகும். எல்லாம் முடிந்தபின் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் மென்மையான பிரஷ் போட்டு நீலத்தைக் கழுவு. பெட்ரோல் துணி வேண்டவே வேண்டாம். நீலம் வழிந்து ஓட, வெள்ளை வட்டம் முழுதாக வரும். அச்சகத்தில் நாலு நிறமும் இம்மி பிசகாமல் பொருந்தி விழுவதைப் பார்த்துப் பழகிய சிவகாசிக் கண்ணுக்கு, அந்த வட்டத்தின் ஓரம் எங்கே மங்கியிருக்கிறது, எங்கே கூர்மை என்று ஒரு நொடியில் பிடிபடும்.

"இதை யார் எனக்குச் சொல்லித் தருவார்கள்?" என்கிறாயா? 1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்கு ரயில் ஏறினார்கள். வானம் பார்த்த பூமி. பிழைப்பு இல்லாத ஊர். தெரியாத பாஷை பேசும் ஊரில் மாதக்கணக்கில் தங்கித் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். ரசாயனம் இங்கே விளையவில்லை. தீக்குச்சி மரம் இந்தக் கரிசலில் முளைக்கவில்லை. ஆனாலும் நாடு முழுவதும் அடுப்புப் பற்றவைத்தது சிவகாசித் தீப்பெட்டி! அவர்களுக்கு அழைப்புக் கடிதம் அனுப்பியது யார்?

கோவை கலங்கலில் பிறந்த ஜி.டி. நாயுடு, ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மனதைப் பறிகொடுத்தார். கோயம்புத்தூர் போய் ஓட்டலில் தட்டு எடுத்து, காசு சேர்த்து, அந்த வண்டியையே 300 ரூபாய்க்கு வாங்கினார். வாங்கியவர் ஊர் சுற்றவில்லை. திருகு திருகாகக் கழற்றிப் பிரித்துப் பார்த்து, திரும்பப் பூட்டினார். அவர் பெயர் விளங்க அவிநாசி சாலையில் கார் அருங்காட்சியகம் இருக்கிறது. ஒரு நாள் ஒதுக்கிப் போ. கார்களின் முன் படம் எடுத்துக்கொண்டு திரும்பாதே. குனிந்து சக்கரத்தைப் பார், அளவைக் குறித்துக்கொள்.

டயரிலேயே ஒரு கதை வேண்டுமா? 1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் மாம்மன் மாப்பிள்ளை பொம்மை பலூன் செய்தார். 1952இல் டயருக்குப் பூ ஒட்டும் ரப்பர் செய்யத் தொடங்கினார். 1967இல் அவருடைய எம்.ஆர்.எஃப். டயர்கள் அமெரிக்காவுக்கே ஏற்றுமதி ஆயின. பலூன் ஊதிய கொட்டகையிலிருந்து இருபத்தோரு வருஷம்! மதுரைக்கு அந்தப் பக்கம் வெள்ளரிப்பட்டியில் டி.வி.எஸ். ஸ்ரீசக்ரா டயர் வார்க்கிறது. அது உனக்குப் பஸ் ஏறினால் எட்டும் தூரம். ரப்பர் தெரிந்த மனிதர்கள் உன்னைச் சுற்றி இருக்கிறார்கள். நீ போய்க் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

சட்டமும் தெரிந்து வைத்துக்கொள். முதல் பதிவாகி 50 வருஷம் தாண்டி, அசல் கூடும் எஞ்சினும் மாறாத கார்களுக்கு 2021இல் தனிப் பதிவு முறை வந்தது. எண் பலகையில் 'விஏ' எழுத்து இருக்கும். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும், புதுப்பிக்க 5,000. அந்தப் பதிவில் இருக்கும் காரை வாடகைக்கு ஓட்ட முடியாது. கண்காட்சிக்கும் பேரணிக்கும் பராமரிப்புக்கும்தான் சாலையில் இறக்கலாம். கொஞ்ச தூரமே ஓடும் கார் நின்றே கெடும். டயரிலும் நின்றே வெடிப்பு விழும், ஓரிடத்தில் நின்று நின்று தட்டையாகும். அதனால்தான் அந்தக் கார்களுக்கு உன்னைப் போன்ற கை வருஷம் தவறாமல் வேண்டும்.

நாளைக்கே வெள்ளைச் சக்கரக் கார் உன் வாசலில் வந்து நிற்காது. பஞ்சர் கடையில் தொடங்கு. பழைய வெஸ்பாவுக்கும் புல்லட்டுக்கும் வெள்ளை டயர் கேட்டு வருகிற பையன்கள் சாத்தூரிலும் ராஜபாளையத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் வண்டியில் கை பழகட்டும். பிறகு அம்பாசடர், பிறகு பத்மினி. ஒவ்வொரு வண்டியின் அளவையும், வருஷத்தையும், எத்தனை பி.எஸ்.ஐ. ஏற்றினாய் என்பதையும் ஒரு நோட்டில் எழுது. தங்கச்சி, இது ஆம்பளை வேலை என்று எவனாவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே. மருந்து அறையில் உட்காரும் தைரியம் உள்ளவளுக்கு டயர் லிவர் பெரிய பாரமா?

முதல் பெரிய கார் வரும். நாலு சக்கரமும் வெள்ளையாக மின்னும். உரிமையாளர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பர்ஸைத் திறந்து "எவ்வளவு தம்பி?" என்று கேட்பார். உன் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிர்ணயித்த கூலியைத்தான் இத்தனை வருஷம் எண்ணி வாங்கினார்கள். "நீங்க பாத்துக் குடுங்கண்ணே" என்று நீயும் தலையைச் சொறியாதே. நிமிர்ந்து நின்று உன் தொகையைச் சொல். சொன்ன தொகையில் ஒரு ரூபாய் குறைக்காதே.