முதியோரின் தட்டு

இராயப்பரின் பெயரைத் தாங்கிய இராயபுரத்தில் சுவைக்குக் குறைவில்லை. காசிமேட்டில் மீன் இறங்குகிறது. பர்மாவிலிருந்து திரும்பியோர் கொணர்ந்த அத்தோ வடசென்னைத் தெருக்களில் மணக்கிறது. 2013இல் தோன்றிய அம்மா உணவகம் ஒரு ரூபாய்க்கு இட்லி வழங்கியது.

ஆயினும், வீட்டிலோ முதியோர் இல்லத்திலோ வாழும் பெரியவர்களிடம், “இன்று என்ன உண்ண விருப்பம்?” என்று கேட்கிறோமா? கொடுத்ததை உண்பதே அவர்தம் கடமை என எண்ணிவிடுகிறோம். நீரிழிவு சிலவற்றை விலக்கச் சொல்வது உண்மை. ஒரே அடுப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சமைக்க இயலாததும் உண்மை. ஆனால் இயலாமை வேறு, கேளாமை வேறு. வலையிழுத்தும் மூட்டை சுமந்தும் நமக்குச் சோறிட்ட கைகள், இன்று ஒரு துண்டு மீனைக் கேட்கவும் கூசுகின்றன.

யோவான் நற்செய்தி 21ஆம் அதிகாரத்தில், உயிர்த்த ஆண்டவர் கரையில் அப்பமும் மீனும் ஆயத்தமாக வைத்திருந்தார். எனினும், சீடர்கள் பிடித்த மீனிலும் சிலவற்றைக் கொண்டுவரச் சொன்னார். உண்பவரின் பங்கையும் அவர் மதித்தார். முதுமையில் வேறொருவர் உன்னை நீ விரும்பாத இடத்திற்குக் கூட்டிச்செல்வார் என்று இராயப்பருக்கு அவர் உரைத்ததும் அதே கரையில்தான். அச்சொல் அவரது மறைசாட்சியத்தைக் குறித்தது. எனினும் முதுமையின் துயரையும் அதில் உணர்கிறோம்.

பசி தீர்ப்பது ஈகை. விருப்பம் கேட்பது மதிப்பு. இரண்டும் சேர்ந்ததே அன்பு. இன்றிரவு உணவு பரிமாறுமுன் ஒருமுறை கேட்போமா?